அச்சுக்கு இட்ட எண்ணெய்

சக்கரத்தை முதன்முதல் உருட்டியவன் பெயரை வரலாறு குறித்து வைக்கவில்லை. அதன் அச்சுக்கு முதன்முதல் நெய்யிட்டவன் யாரென்று எவரும் தேடியதுமில்லை. முன்னவனைப் பற்றியேனும் பாடநூல்களில் ஒரு வரி உண்டு. பின்னவனுக்கு அந்தச் சிறப்பும் கிட்டவில்லை. எனினும் நெய்யில்லாத அச்சு நெடுந்தொலைவு செல்லாது. வண்டி, கடிகாரம், நீராவி இயந்திரம், தையற்பொறி, வீட்டுக் கதவின் கீல் ஆகிய அனைத்தும் ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மீதே இயங்குகின்றன. அந்தப் படலத்தின் வரலாறு மனித உழைப்பின் வரலாற்றோடு பின்னிப் பிணைந்தது.

கருவிகளை அழிக்கும் பகை இரண்டு. ஒன்று உராய்வு, மற்றொன்று துரு. உராய்வு இயங்கும் கருவியைத் தின்கிறது. துரு இயங்காமல் கிடக்கும் கருவியைத் தின்கிறது. ஆண்டு முழுவதும் ஈரக்காற்று வீசும் மலேசிய, சிங்கப்பூர் மண்ணில் இரண்டாம் பகையின் வலிமை சொல்லாமலே விளங்கும். துடைக்காமல் வைத்த இரம்பத்தில் சில நாள்களிலேயே செந்நிறப் புள்ளிகள் தோன்றிவிடுகின்றன. இவ்விரு பகைகளையும் வெல்ல மனிதன் கைக்கொண்ட படைக்கலம் எண்ணெய். எந்தப் பகைக்கு எந்த எண்ணெய் என்பதை அவன் அறிந்துகொள்வதற்கு ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகள் ஆயின.

சுவரோவியம் சொல்லும் செய்தி

எகிப்து நாட்டில் டெயிர் எல்-பெர்ஷா என்னும் இடத்தில் செகுத்திகொத்தெப் என்ற ஆட்சியாளரின் கல்லறை உள்ளது. கி.மு. 1900-ஐ ஒட்டிய காலத்தைச் சேர்ந்த அக்கல்லறையின் சுவரில் ஓர் ஓவியம் தீட்டப்பட்டிருந்தது. மாபெரும் சிலையொன்றைச் சறுக்கு வண்டியில் ஏற்றி 172 பேர் நான்கு வரிசைகளாக நின்று கயிறு கட்டி இழுக்கின்றனர். வண்டியின் முகப்பில் நிற்கும் ஒருவன், குடத்திலிருந்து நீர்மம் ஒன்றைத் தரையில் ஊற்றுகிறான். இது சமயச் சடங்கு என்றே அறிஞர் பலர் நெடுங்காலம் கருதி வந்தனர். 2014-ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக இயற்பியலார் மணலில் ஆய்வு செய்து, சரியான அளவில் நனைத்த மணலின்மீது சுமையை இழுப்பதற்குப் பாதி விசையே போதும் என்று நிறுவினர். வறண்ட மணல் வண்டியின் முன்னே குவிந்து தடுக்கும். நனைந்த மணல் இறுகி வழிவிடும்.

இந்த ஓவியத்தில் சிலைக்குரியவன் பெயர் உண்டு. நீர் ஊற்றியவன் பெயர் இல்லை. 172 பேரின் முதுகுச் சுமையைப் பாதியாகக் குறைத்த அவன், உயவுக் கலையின் முதல் தொழிலாளருள் ஒருவன் என்று போற்றத் தக்கவன்.

ஆமணக்கும் கொழுப்பும்

சக்கர வண்டி பெருகியபோது நீர் போதவில்லை. அச்சிலே தங்கி நிற்கும் பிசுக்குள்ள பொருள் தேவைப்பட்டது. உரோமானியர் பன்றிக் கொழுப்பை அச்சுகளுக்குப் பூசினர். இலத்தீன் மொழியில் அக்கொழுப்புக்கு வழங்கிய 'ஆக்சுங்கியா' என்னும் பெயரே அச்சு, பூசுதல் என்னும் இரு சொற்களின் கூட்டாகும். பெயரிலேயே பயன் அடங்கியிருப்பது எண்ணத்தக்கது.

தமிழகத்தில் ஆமணக்கு எண்ணெய் அந்தப் பணியைச் செய்தது. வைக்கோலைக் கரித்து, அந்தக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து, வண்டி மசகு ஆக்கினர். மூங்கிற் குழாயில் அதை நிரப்பி வண்டியின் அடியிலே கட்டித் தொங்கவிடுவது வழக்கம். எண்ணெய் உராய்வைத் தணித்தது. கரி எண்ணெயை வழிந்தோடாமல் கட்டி நிறுத்தியது. இன்றைய கிரீசும் இதே தத்துவத்தில் அமைந்தது. நீர்மமான எண்ணெயைக் கெட்டிப்படுத்தும் பொருள் ஒன்று பஞ்சுபோல் தன்னுள்ளே பிடித்துவைத்துச் சிறிது சிறிதாக விடுவிக்கும். முன்னாளில் கரி செய்த வேலையை இன்று சவர்க்கார வகைப் பொருள்கள் செய்கின்றன. வண்டியின் பழுதைக் குறித்த முன்னெச்சரிக்கையும் தமிழருக்குப் புதிதன்று. உப்பு வணிகராகிய உமணர், வண்டியின் கீழே மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் சென்ற செய்தியைப் புறநானூறு காட்டுகிறது.

ஆமணக்கின் புகழ் வண்டியோடு முடியவில்லை. முதலாம் உலகப் போரில் பறந்த வானூர்திகள் பலவற்றில் சிலிண்டர்களும் சேர்ந்து சுழலும் வகை இயந்திரங்கள் பொருத்தப்பட்டிருந்தன. அவற்றில் எரிபொருளும் எண்ணெயும் ஒன்றோடொன்று கலக்க நேர்ந்தது. கனிம எண்ணெய் பெட்ரோலில் கரைந்து தன் பிசுக்கை இழந்தது. ஆமணக்கு எண்ணெயோ எளிதிற் கரையவில்லை. ஆகவே ஆமணக்கே தேர்ந்தெடுக்கப்பட்டது. 1899-இல் இலண்டனில் எண்ணெய் வாணிகம் தொடங்கிய சார்லஸ் வேக்ஃபீல்டு, 1909-இல் தம் எண்ணெய்க்கு இட்ட 'காஸ்ட்ரோல்' என்னும் பெயரும் ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து பிறந்ததே.

மலேசியருக்கு அண்மையான மற்றோர் எண்ணெயும் இவ்வரலாற்றில் இடம்பெறுகிறது. 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் இரயில் பெட்டிகளின் அச்சுகளுக்கு, மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த செம்பனை எண்ணெயோடு விலங்குக் கொழுப்பும் சோடாவும் சேர்த்துக் கிரீசு தயாரித்தனர். சிலாங்கூர் மாநிலத்தின் தெனமாரம் தோட்டத்தில் 1917-ஆம் ஆண்டு வாணிக அளவில் செம்பனை நடப்பெறுவதற்கு முன்பே, அதன் எண்ணெய் உலகின் இரும்புச் சக்கரங்களை உருட்டிக்கொண்டிருந்தது.

திமிங்கிலம் கொடுத்த விலை

தாவர எண்ணெய்க்கும் கொழுப்புக்கும் ஒரு குறை உண்டு. காற்றுப் பட்டு நாளடைவில் அவை கெட்டுப்போகும். சில பிசின்போல் இறுகும். சில புளித்து உலோகத்தை அரிக்கும். கடிகாரம், நூற்பு இயந்திரம் போன்ற நுட்பமான பொறிகளுக்குக் குளிரிலும் உறையாத, எளிதிற் கெடாத எண்ணெய் தேவைப்பட்டது. அத்தகைய எண்ணெயை மனிதன் கடலிலே கண்டான். விந்துத் திமிங்கிலத்தின் பெருந்தலைக்குள் ஏறத்தாழ 1,900 லிட்டர் வரை மெழுகு கலந்த எண்ணெய் இருந்தது. அமெரிக்காவின் நான்டக்கெட், நியூ பெட்ஃபோர்டு துறைமுகங்கள் அந்த எண்ணெயால் செழித்தன. 1840-களில் அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பல்களின் எண்ணிக்கை 700-ஐத் தாண்டியது. நியூ பெட்ஃபோர்டைச் சேர்ந்த வில்லியம் நை என்பவரின் நிறுவனம், கடற்பன்றியின் தாடையிலிருந்து எடுத்த எண்ணெயைக் கடிகாரங்களுக்கென்று விற்றுப் புகழ்பெற்றது.

பெட்ரோலியம் கண்டுபிடிக்கப்பட்டதால் திமிங்கிலங்கள் பிழைத்தன என்று சொல்லும் வழக்கம் உண்டு. மாணவர் இக்கூற்றை ஆராய்ந்து ஏற்க வேண்டும். விளக்கெரிக்கும் பணியில் மண்ணெண்ணெய் திமிங்கில எண்ணெயை வென்றது உண்மையே. ஆனால் 20-ஆம் நூற்றாண்டில் இயந்திரக் கப்பல்களும் வெடியீட்டிகளும் வந்தபின், கொல்லப்பட்ட விந்துத் திமிங்கிலங்களின் தொகை அதற்கு முந்தைய இரு நூற்றாண்டுகளின் தொகையைவிட மிகுந்தது. மோட்டார் வாகனங்களின் தானியங்கிப் பற்சக்கரப் பெட்டிகளுக்கான எண்ணெயிலும் 1970-களின் தொடக்கம் வரை அது கலக்கப்பட்டது. 1970-இல் அமெரிக்கா அவ்வினத்தை அழிவு நிலையில் உள்ளவற்றின் பட்டியலிற் சேர்த்து, அதன் எண்ணெயை இறக்குமதி செய்வதைத் தடுத்தது. 1982-இல் பன்னாட்டுத் திமிங்கில வேட்டை ஆணையம் வாணிக வேட்டையை நிறுத்திவைக்க முடிவு செய்தது. அம்முடிவு 1986-இல் நடைமுறைக்கு வந்தது. திமிங்கிலத்தைக் காத்தது கிணற்றிலிருந்து பொங்கிய எண்ணெயன்று. மனிதர் விழித்துக்கொண்டு இயற்றிய சட்டமே காத்தது.

நிலத்தடி எண்ணெய்

1859-ஆம் ஆண்டு ஆகஸ்டு 27-ஆம் நாள், பென்சில்வேனியா மாநிலத்தின் டைட்டஸ்வில் என்னும் ஊரில் எட்வின் டிரேக் தோண்டிய துளை, ஏறத்தாழ 21 மீட்டர் ஆழத்தில் எண்ணெயைத் தொட்டது. அன்று எல்லாரும் விரும்பியது விளக்குக்கான மண்ணெண்ணெய். அதை வடித்தெடுத்தபின் எஞ்சிய கனத்த பகுதியை என்ன செய்வதென்று தெரியாமல் பலர் திகைத்தனர். அந்த எச்சமே உயவெண்ணெய்க்கு மூலப்பொருளாயிற்று. 1866-இல் நியூயார்க் மாநிலத்தின் ரோச்செஸ்டர் நகரில் தொடங்கப்பட்ட வேக்குவம் ஆயில் நிறுவனம், காற்றழுத்தத்தைக் குறைத்து எண்ணெயை வடிக்கும் முறையைக் கையாண்டது. அழுத்தம் குறையும்போது எண்ணெய் தாழ்ந்த வெப்பத்திலேயே ஆவியாகும், கருகாது. நீராவி இயந்திரங்களின் கொதிக்கும் சிலிண்டர்களுக்கு ஏற்ற எண்ணெய் இவ்வாறு கிடைத்தது. எளிதிற் கெடாமையும், வேண்டிய பிசுக்களவில் பிரித்தெடுக்க இயலுவதும் கனிம எண்ணெயின் சிறப்பாகும்.

எண்ணெய் ஊற்றும் பணியிலிருந்து எழுந்த மேதை

நல்ல எண்ணெய் வந்தபின்னும் ஓர் இடர் இருந்தது. இரயில் வண்டியை அவ்வப்போது நிறுத்தி, ஒருவன் இறங்கி, இயந்திரத்தின் உறுப்புகளுக்கு எண்ணெய் ஊற்ற வேண்டியிருந்தது. அப்பணியைச் செய்தவருள் ஒருவர் எலைஜா மெக்காய். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் அடிமைத்தளையிலிருந்து தப்பிக் கனடாவுக்கு வந்த கறுப்பினப் பெற்றோருக்கு, 1844-ஆம் ஆண்டளவில் ஒன்டாரியோவில் பிறந்தவர். பெற்றோர் அவரைப் பதினைந்தாம் வயதில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகருக்கு அனுப்பிப் பொறியியல் பயிலச் செய்தனர். பயிற்சி முடித்துத் திரும்பிய அவருக்கு மிச்சிகன் சென்ட்ரல் இரயில்வேயில் பொறியாளர் பணி கிடைக்கவில்லை. நிறம் குறுக்கே நின்றது. நெருப்புக்குக் கரி அள்ளிப் போடும் வேலையும் எண்ணெய் ஊற்றும் வேலையுமே கிடைத்தன.

அவமதிப்பாக அமைந்த அவ்வேலையையே அவர் ஆய்வுக்களமாக்கினார். வண்டி ஓடும்போதே நீராவியின் அழுத்தத்தால் சிலிண்டருக்குள் எண்ணெயைச் செலுத்தும் தானியங்கி உயவுக் கலத்தை அமைத்தார். 1872-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். எண்ணெயிடுவதற்கென்று வண்டியை நிறுத்தும் தேவை குறைந்தது. வாழ்நாளில் 57-ஐ ஒட்டிய காப்புரிமைகள் அவருக்கு உரியவாயின. மிகைவெப்ப நீராவி இயந்திரங்களுக்காக, எண்ணெயோடு காரீயகம் எனப்படும் கிராஃபைட்டைக் கலந்து செலுத்தும் கருவிக்கு 1915-இல் காப்புரிமை பெற்றார். முதலீடு இல்லாமையால் காப்புரிமைகள் பலவற்றைப் பிறருக்கு விட்டுக்கொடுத்தார். அவர் கண்ட கருவிகள் பல அவர் பெயரைத் தாங்காமலே விற்பனையாயின. 1929-இல் மறைந்த அவரை அமெரிக்கப் புத்தாக்குநர் பெருமன்றம் 2001-இல்தான் தன் உறுப்பினர் வரிசையிற் சேர்த்தது.

மலாயாவின் முதல் இரயில் பாதை 1885-இல் தைப்பிங்கையும் போர்ட் வெல்டையும் இணைத்தது. அதன்பின் வளர்ந்த மலாயா இரயில்வேயில் தண்டவாளத்தையும் பெட்டிகளையும் பேணி உழைத்தோருள் தமிழர் மிகப் பலர். எண்ணெய்க் குவளையும் கந்தைத் துணியும் ஏந்திய கைகளைத் தாழ்வாக எண்ணும் மாணவனுக்கு மெக்காயின் வாழ்க்கை நல்ல மறுமொழியாகும்.

தக்கையைத் தள்ளிய எண்ணெய்

எண்ணெய் ஏன் உராய்வைக் குறைக்கிறது? லியோனார்டோ டா வின்சி உராய்வின் விதிகளைத் தம் குறிப்பேடுகளில் எழுதி வைத்தார், அவை வெளிவரவில்லை. 1699-இல் பிரெஞ்சு அறிஞர் அமோன்டன் அவ்விதிகளை மீண்டும் கண்டார். 1785-இல் கூலும் விரிவாக ஆராய்ந்தார். ஆயினும் அவை உலர்ந்த பரப்புகளைப் பற்றியவை. எண்ணெயின் மறைபொருள் 1883-இல் தற்செயலாக வெளிப்பட்டது.

இங்கிலாந்தின் இயந்திரப் பொறியாளர் கழகத்திற்காகப் பியூச்சம்ப் டவர் என்பவர் இரயில் அச்சுத் தாங்கிகளை ஆராய்ந்தார். அச்சின் கீழ்ப்பகுதி எண்ணெயில் மூழ்கியிருந்தது. மேற்பகுதியைப் பித்தளைத் தாங்கி அழுத்திக்கொண்டிருந்தது. எண்ணெய்க் கிண்ணம் பொருத்துவதற்காகத் தாங்கியின் உச்சியில் அவர் துளையிட்டார். அச்சு சுழன்றதும் துளை வழியே எண்ணெய் மேலே பொங்கி வழிந்தது. தக்கையால் அடைத்தார், எண்ணெய் தக்கையை வெளியே தள்ளிற்று. மர ஆப்பை அடித்தார், அதையும் தள்ளிற்று. அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தபோது, தாங்கியின்மீது ஏற்றிய சராசரி அழுத்தத்தைப் போல் இருமடங்குக்கும் மேற்பட்ட அழுத்தத்தை அது காட்டியது.

உண்மை தெளிவாயிற்று. சுழலும் அச்சு, தன்னோடு ஒட்டிய எண்ணெயைக் குறுகும் இடைவெளிக்குள் இழுத்துச் செல்கிறது. அங்கே நெருக்கப்பட்ட எண்ணெய், ஆப்புப்போல் நின்று சுமை முழுவதையும் தூக்கிவிடுகிறது. உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை. மான்செஸ்டர் நகரப் பேராசிரியர் ஆஸ்பர்ன் ரேனால்ட்ஸ் 1886-இல் இதற்குக் கணித விளக்கம் தந்தார். விரைந்து சுழலும் அச்சுக்கு மெல்லிய எண்ணெய் போதும் என்பதும், மெதுவாக இயங்கிப் பெருஞ்சுமை தாங்கும் உறுப்புக்குப் பிசுக்கு மிக்க எண்ணெயோ கிரீசோ வேண்டும் என்பதும் இவ்விளக்கத்திலிருந்து பெறப்படும்.

மிதிவண்டியும் ஏவுகணையும்

தொழிற்சாலைக்கெனப் பிறந்த எண்ணெய் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வீட்டுக்குள் நுழைந்தது. மிதிவண்டி பரவிய காலம் அது. 1894-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஜார்ஜ் கோல் என்பவர், சங்கிலியைத் தூய்மை செய்யவும், உயவூட்டவும், துருவைத் தடுக்கவும் ஒரே எண்ணெயை உருவாக்கி, 'மூன்றும் ஒன்றில்' என்னும் பொருள்படும் திரீ-இன்-ஒன் என்ற பெயரில் விற்றார். நீண்ட மூக்குள்ள சிறு எண்ணெய்க் குப்பி வீட்டுக் கருவிப் பெட்டியின் உறுப்பாயிற்று.

1953-இல் கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரில், ராக்கெட் கெமிக்கல் கம்பெனி என்னும் சிறு நிறுவனம் நீரை விலக்கும் திரவம் ஒன்றைத் தேடியது. நாற்பதாம் முயற்சியில் வெற்றி கிட்டியதால், நீர்விலக்கம் என்னும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளோடு எண்ணைச் சேர்த்து அதற்கு 'டபிள்யூடி-40' என்று பெயர் வைத்தனர். அட்லஸ் ஏவுகணையின் மெல்லிய வெளித்தகட்டைத் துருவிலிருந்து காக்க அது பயன்பட்டது. தொழிலாளர் அதை வீட்டு வேலைக்கும் எடுத்துச் செல்வதைக் கண்ட நிறுவனம், 1958-இல் பீச்சுக் குப்பிகளில் அடைத்துக் கடைகளுக்கு அனுப்பியது.

இங்கே ஒரு பாடம் உண்டு. அத்திரவத்தின் பெயரே அதன் தலையாய பணியைச் சொல்கிறது. ஈரத்தை அகற்றுவதிலும் இலேசான துருவைத் தளர்த்துவதிலும் அது வல்லது. அதன் பெரும்பகுதி எளிதில் ஆவியாகும் கரைப்பான். எஞ்சி நிற்பது மிக மெல்லிய படலமே. எந்நேரமும் சுழலும் பேரிங்குக்கு அதுவே போதுமென்று பீச்சுகிறவர், உள்ளிருக்கும் கிரீசையும் கழுவி வெளியேற்றிவிடுகிறார். சில நாள் ஓசை அடங்கும். பின்னர் தேய்மானம் விரைவுறும். குற்றம் திரவத்தினுடையதன்று, அதன் பெயரைப் படித்தும் பொருளை எண்ணாதவருடையது.

துருவைத் துளைக்கும் எண்ணெய்

துருப்பிடித்து இறுகிய நட்டையும் போல்ட்டையும் கழற்றுவது தனிக்கலை. துரு, தான் தோன்றிய இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே மரைகளுக்கிடையே அது ஆப்பாக இறுகுகிறது. அந்த இடுக்கில் நுழைய வேண்டிய எண்ணெய் பிசுக்குக் குறைந்ததாகவும், உலோகத்தில் எளிதாகப் படர்வதாகவும் இருத்தல் வேண்டும். விளக்குத் திரியில் எண்ணெய் தானே ஏறுவதுபோல், நுண்ணிய இடைவெளிகளில் அது தானே ஊர்ந்து செல்லும். இதுவே ஊடுருவும் எண்ணெயின் இரகசியம்.

முற்காலக் கைவினைஞர் மண்ணெண்ணெயையும் கர்ப்பூரத் தைலத்தையும் இதற்குப் பயன்படுத்தினர். 1939-இல் தோன்றிய 'குரோயில்', 1941-இல் தோன்றிய 'லிக்விட் ரெஞ்ச்' ஆகியவை இப்பணிக்கென்றே விற்கப்பட்ட அமெரிக்க எண்ணெய்கள். அசிட்டோனையும் தானியங்கிப் பற்சக்கரப் பெட்டி எண்ணெயையும் கலந்து தாமே செய்துகொள்வோரும் உளர். அசிட்டோன் மிக எளிதில் தீப்பற்றும். வண்ணப்பூச்சையும் பிளாஸ்டிக்கையும் கரைக்கும். ஒதுக்கி வைத்தால் எண்ணெயிலிருந்து பிரிந்து நிற்கும். மாணவர் கையாளத் தக்க கலவை அதுவன்று.

எந்த எண்ணெயைத் தேர்ந்தாலும் காலமே சிறந்த துணை. கம்பித் தூரிகையால் புறத்துருவை நீக்கி, எண்ணெயிட்டு, சுத்தியலால் மெல்லத் தட்டிச் சில மணி நேரமோ ஓர் இரவோ விட்டுவைத்தல் நன்று. பின்னர்ச் சற்றே இறுக்கி, அதன்பின் தளர்த்த வேண்டும். பொறுமையின்றி முழுவலிமையோடு ஸ்பேனரைத் திருப்புகிறவர் பெறுவது பெரும்பாலும் தலை முறிந்த போல்ட்டே. எண்ணெய் பீச்சிய இடத்தில் நெருப்புக் காட்டுவது பெருந்தீங்கு. கழன்ற பின்னர்த் துடைத்து, அந்த உறுப்புக்குரிய எண்ணெயையோ கிரீசையோ இடுதல் வேண்டும். ஊடுருவும் எண்ணெய் வழி திறப்பதற்கு உரியது, குடியிருப்பதற்கு உரியதன்று.

கருவிக்கேற்ற எண்ணெய்

வரலாறு கற்பித்தவற்றை வீட்டுக் கருவிப் பெட்டிக்குப் பொருத்திக் காண்பது எளிது. தையல் இயந்திரம் விரைந்து இயங்கும் நுட்பப் பொறி. தெளிந்த மெல்லிய கனிம எண்ணெயே அதற்கு ஏற்றது. சமையல் எண்ணெயை ஊற்றினால் நாளடைவில் பிசுபிசுப்பேறி ஊசி திணறும். பேரிங்குக்கும் கனத்த இரும்புக் கதவின் கீலுக்கும் இலித்தியக் கிரீசு நன்று. கிளாரன்ஸ் ஏர்ல் 1942-இல் காப்புரிமை பெற்ற அவ்வகைக் கிரீசு நீரையும் வெப்பத்தையும் ஒருங்கே தாங்கும். பூட்டுக்குள் எண்ணெய் ஊற்றினால் தூசி படிந்து சேறாகும். மெக்காய் நம்பிய காரீயகத் தூளே அங்கும் சிறந்தது. மிதிவண்டிச் சங்கிலியை முதலில் துடைத்து, ஒவ்வொரு கணுவுக்கும் துளி எண்ணெயிட்டு, மிகையானதைத் துடைத்தெடுத்தல் வேண்டும்.

உளி, இழைப்புளி, இரம்பம் ஆகியவற்றுக்குத் தேவை உயவைவிடத் துருத்தடுப்பே. வேலை முடிந்ததும் வியர்வையும் ஈரமும் போகத் துடைத்து, மெல்லிய எண்ணெய் தோய்ந்த துணியால் ஒருமுறை தடவினாலே போதும். சப்பானியத் தச்சர் இதற்குக் கமேலியா விதை எண்ணெயைப் பயன்படுத்துகின்றனர். கருவிகளின் மரப்பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் பொருந்தும். காற்றில் இறுகும் அதன் இயல்பு பொறிக்குக் குறை; மரத்திற்கோ நிறை. ஆனால் அந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால், இறுகும்போது வெளிப்படும் வெப்பம் உள்ளேயே தங்கித் துணி தானே தீப்பற்றக்கூடும். அதைத் தனியே விரித்து உலர்த்த வேண்டும்.

எண்ணெய் கூடாத இடங்களும் உண்டு. இயற்கை ரப்பர் கனிம எண்ணெயில் ஊறினால் உப்பி வலுவிழக்கும். பால்மரத்தோடு வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் இதனை அறிந்திருத்தல் தகும். ரப்பருக்குச் சிலிக்கோன் வகையே உகந்தது. மிதிவண்டியின் நிறுத்துக்கட்டையில் ஒரு துளி பட்டாலும் உயிருக்கு இடர். பற்றவைப்புத் தொழிலில் பயன்படும் ஆக்சிஜன் கலனின் வாயில் எண்ணெயோ கிரீசோ படவே கூடாது; அழுத்தமிக்க ஆக்சிஜனில் அது வெடித்துத் தீப்பிடிக்கும். பழைய எண்ணெயைக் கால்வாயில் ஊற்றுவதும் நீருக்கும் உயிர்களுக்கும் இழைக்கும் தீங்கேயாம்.

கல்வித் துறை வெளியிட்ட அறிக்கை

1966-ஆம் ஆண்டு மார்ச்சு 9-ஆம் நாள் பிரிட்டனில் ஓர் அறிக்கை வெளிவந்தது. பீட்டர் ஜோஸ்ட் என்பவர் தலைமையில் அமைந்த குழு அதைத் தயாரித்தது. உராய்வு, தேய்மானம், உயவு ஆகியவற்றை முறையாகக் கையாண்டால் பிரிட்டிஷ் தொழில்துறை ஆண்டுதோறும் 515 மில்லியன் பவுனைச் சேமிக்கலாம் என்று அது கணக்கிட்டது. தேய்த்தல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து 'டிரைபாலஜி' என்னும் புதிய துறைப்பெயரும் அவ்வறிக்கையால் வழக்குக்கு வந்தது.

அந்த அறிக்கையை வெளியிட்டது தொழில் அமைச்சோ நிதி அமைச்சோ அன்று. கல்வி அறிவியல் துறை. இழப்புக்குப் பெருங்காரணம் எண்ணெய்ப் பற்றாக்குறையன்று, எண்ணெயைப் பற்றிய அறிவைக் கற்பியாமையே என்று குழுவினர் கண்டனர். தக்க அறிவு வகுப்பறைக்கு வராததால் ஒரு நாடு ஆண்டுதோறும் செல்வத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

ஆசிரியர் உலகம் கருதிப் பார்க்க வேண்டிய செய்தி இது. புதியது படைப்போரைப் பாராட்டப் பள்ளிகளில் மேடைகள் பல உள்ளன. இருப்பதைப் பேணுவோருக்கு மேடை அரிது. பள்ளித் தோட்டத்தின் மண்வெட்டியைத் துடைத்து எண்ணெய் தடவி வைக்கும் மாணவன், நாலாயிரம் ஆண்டுத் தொழிலறிவின் வழித்தோன்றல் என்பதை அவனுக்கு எடுத்துச் சொல்ல ஓர் ஆசிரியர் வேண்டும். குடத்தோடு நின்ற எகிப்தியனின் பெயரும், மசகு குழைத்த வண்டிக்காரரின் பெயரும் மறைந்து போயின. எண்ணெய்க் குவளை ஏந்தியவருள் மெக்காயின் பெயர் ஒன்றேனும் எஞ்சியிருக்கிறது. அதற்குக் காரணம், அவர் கற்றிருந்தார் என்பதே.